உள்ளங்கையில் எடுத்த மாதிரி

கொதிக்கிற பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகுதான், கையில் துணி இல்லை என்பதை இசக்கிச்செல்வி கவனித்தாள். சுடவில்லை. விரல் சிவக்கவும் இல்லை. தேய்த்துப் பார்த்தாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

தூத்துக்குடி உப்பளத்துச் சேற்றிலிருந்து, கடலைவிடப் பலமடங்கு உப்பில் வாழும் இளஞ்சிவப்புப் பாக்டீரியா ஒன்றை அவள் பிரித்தெடுத்திருந்தாள். அதன் மரபணு வரிசை முழுதும் தெரிந்துவிட்டால், உப்பைத் தாங்கும் ஜீன்களைக் கொண்டு உவர்நிலத்திலும் பருத்தி விளைவிக்கலாம் என்பது ஆய்வகத்தின் நம்பிக்கை. “திருவேங்கடத்து ஊர்ல நம்ம பருத்திக்காட்டுப் போர்த்தண்ணி உப்பால்லா இருக்கு. மொதல்ல அங்கன போட்டுப் பாரு” என்று கணவன் லிங்கேஷ் பெருமையாகச் சொல்லுவான்.

அந்தியில் கரண்ட் போயிற்று. தெருவின் விசைத்தறிகள் மொத்தமாக அடங்கியதும், அதுவரை கேட்காத ஒரு சத்தம் வீட்டுக்குள் கேட்டது. உப்புப் படிவம் காய்ந்து விரிசல் விடுவதுபோல மெல்லிய நறநறப்பு. கரையொதுங்கிய பாசி அழுகும் வாடை, கடலே இல்லாத சங்கரன்கோவிலில், சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் அவளோடேயே நடந்து வந்தது. நின்றாள். சத்தமும் நின்றது. விரலை மடக்கினாள்.

நறநற.

கட்டிலில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. உடன் ஆய்வு செய்யும் நூருல் ஹுதா.

“செல்வி, ரிசல்ட் வந்துட்டு. ஒன் கையில எடுத்த சாம்பிளும் குடுத்தேல்லா?”

“ஆமா.” மாதிரிகளில் மனிதத் தோல் கலந்திருக்கிறதா என்று ஒப்பிட, தன் உள்ளங்கையிலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து அனுப்பியிருந்தாள்.

“அதுல மனுச டிஎன்ஏ இல்லட்டி. கொஞ்சங்கூட இல்ல. முழுக்க அந்தப் பாக்டீரியாதான்.”

“குச்சி மாறியிருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். திரும்ப ஓட்டிப் பாத்துட்டுத்தான் பேசுதேன். பிள்ள எங்க? அவனத் தொடாத, கேட்டியா?”

“சரி.”

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. அது வரவேண்டிய இடமும் மரத்துப்போயிருந்தது. கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்று கட்டிலைவிட்டு எழப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை.

மாடியிலிருந்து லிங்கேஷ் கைப்பிள்ளையோடு இறங்கி வந்தான். “பசியில கத்துதான். பிடி. நான் டார்ச் எடுத்துட்டு வாரேன்.” இருட்டில் அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

எடுத்துட்டுப் போங்க.

சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தோடு இறுகிக் கிடந்தது. தள்ளும்படி கைகளை மனதால் ஏவினாள். கைகள் பிள்ளையை மார்போடு அணைத்தன.

அழுகை நின்றது.

சப்பும் சத்தம். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஈரமில்லை. சூடில்லை. சத்தம் மட்டும்.

டார்ச் வெளிச்சம் விழுந்தது. “ஏட்டி…” என்றபடி லிங்கேஷ் வெளிச்சத்தைப் பிள்ளையின் முகத்துக்குத் தாழ்த்தினான்.

பிள்ளையின் கடைவாயில் வழிந்தது இளஞ்சிவப்பாக இருந்தது. அவன் நிறுத்தவில்லை. ஆவலாகக் குடித்தான். அவளையே பார்த்துக்கொண்டு குடித்தான். இமைக்காத அந்தக் கண்களின் மேல், வெள்ளையாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, உப்பு பூத்துக்கொண்டிருந்தது.