வெள்ளையடித்த கல்

ரதிதேவிக்குத் துணுக்குச் செய்திகள் என்றால் உயிர். எந்த மிருகம் நின்றபடியே தூங்கும், எந்த நாட்டில் பாம்பே கிடையாது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். பாதி வேளை கேட்காமலே சொல்வாள்.

"சாப்பிடேக்கையாவது கதைக்காமல் இரு, துணுக்கு மூட்டை!" என்று அப்பா கெஞ்சுவார்.

1985ஆம் ஆண்டு அக்டோபரில், நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில், ஏவன்டேலில் அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு டார்லீன் என்றொரு புதுப் பிள்ளை வந்தாள். அமெரிக்காவின் தெற்கே இருக்கும் லூசியானா மாநிலம் அவளுடைய ஊர். அவளுடைய அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒனிஹங்கா துறைமுகத்தில் ஒரு வருட வேலைக்கு வந்திருந்தார்.

முதல் நாள் ஆசிரியை மிஸ் பார்லோ பெயரைக் கூப்பிட்டதும் டார்லீன் விறைப்பாக எழுந்து நின்று, "எஸ், மாம்" என்றாள். பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு அவள் எதற்கும் தலையை மட்டுமே ஆட்டினாள்.

ரதிக்குப் பாவமாக இருந்தது. போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், ஆசிரியை உள்ளே வரும்போதெல்லாம் அவளும் எழுந்து நின்றவள்தான். அப்போதும் இதே சிரிப்புத்தான் கேட்டது.

'இவளுடைய ஊர் எவ்வளவு அருமையானது என்று தெரிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்' என்று ரதி நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நேராக நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பேசுவது அவளுடைய முறை. ரதி உற்சாகமாகத் தொடங்கினாள்.

"லூசியானா என்ற பெயர் ஒரு பிரெஞ்சு ராஜாவின் பெயரிலிருந்து வந்தது. அந்த மாநிலத்தின் பறவை கூழைக்கடா. அங்கே சதுப்பு நிலங்களில் முதலைகள் இருக்கின்றன. நியூ ஓர்லீன்ஸ் நகரத்தில் சில இடங்கள் கடல்மட்டத்தைவிடத் தாழ்வானவை!"

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ரதிக்கு உச்சி குளிர்ந்தது. இருப்பதிலேயே பெரிய துணுக்கை எடுத்துவிட்டாள்.

"அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் இறந்தவர்களை, நிலத்துக்கு மேலே சின்ன வீடு மாதிரிக் கல்லறை கட்டி அதற்குள் வைப்பார்கள்!"

"பேய் வீடு!" என்று பின்வரிசையிலிருந்து பாரி ஊளையிட்டான். உடனே இன்னும் நாலைந்து பேர் ஊளையிட்டார்கள்.

டார்லீன் எழுந்தாள்.

"என் அம்மா அங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

பாரி தலையைக் குனிந்துகொண்டான். ரதிக்கு அழுகை அழுகையாக வந்தது.

மதிய இடைவேளையில் வேலியோர மரத்தடியில் டார்லீனைக் கண்டுபிடித்தாள்.

"மன்னித்துக்கொள், டார்லீன். உன் ஊரைப் புகழத்தான் நினைத்தேன்."

"தெரியும்" என்றாள் டார்லீன். புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வெள்ளி நவம்பர் முதல் நாள். அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைகளைக் கழுவி வெள்ளையடித்துப் பூ வைப்போம். அம்மாவுடையதை நானும் அப்பாவும்தான் அடிப்போம். இந்த வருடம் யார் அடிப்பார்கள்? மழையில் கறுத்துப்போய்த் தனியாக நிற்கும்."

இது அந்தத் தடித்த புத்தகத்தில் ரதி பார்க்காத செய்தி. பதிலுக்குச் சொல்ல அவளிடம் ஒரு துணுக்கும் இல்லை. அதனால் சொந்தக் கதையைச் சொன்னாள்.

"நாங்கள் இங்கே வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் என் அப்பப்பா, அதாவது அப்பாவுடைய அப்பா, இறந்துவிட்டார். எங்களாலும் போக முடியவில்லை. எட்டாம் நாள் அவருடைய படத்தை வைத்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம். புட்டு, மீன் பொரியல், சுருட்டு..."

"சுருட்டா?"

"ஓம். எங்கள் ஊர்ச் சுருட்டு இங்கே கிடைக்காது. அப்பா மூலைக் கடையில் ஏதோ ஒன்றை வாங்கிவந்தார். அப்பப்பா பார்த்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்."

டார்லீன் சிரித்துவிட்டாள். "அவர் வந்து சாப்பிட்டாரா?"

"தெரியாது. ஆனால் அன்றைக்கு முழுக்க அவரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது." ரதி கொஞ்சம் தயங்கினாள். "உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

"கம்போ. வெண்டைக்காயும் இறாலும் போட்ட குழம்பு. சோற்றோடு சாப்பிடுவோம்."

"சோறா? வெண்டைக்காயா? எங்கள் வீட்டுச் சாப்பாடேதான்!"

அன்று மாலை அம்மா புஷ்பவதி எல்லாவற்றையும் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாயில்லாத பிள்ளை. அந்தத் தாய்க்குக் கட்டாயம் எங்கட வீட்டில படைப்பம். நவம்பர் முதல் நாள் என்ன கிழமை?"

"வெள்ளி."

"ஐயோ! வெள்ளிக்கிழமை என்ர குசினிக்குள்ள றாலோ? ஏலாது பிள்ளை. சனிக்கிழமை வரச் சொல்லு."

"அப்பப்பாக்கு எட்டாம் நாள் படைக்கிறதை ஒன்பதாம் நாளுக்கு மாத்தினீங்களோ, அம்மா?"

ரதி ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"குசினிக்குள்ளதானே கூடாது? வெளியில வைச்சுச் சமைச்சால்?"

அம்மா அவளை உற்றுப் பார்த்தார். "உனக்கு வாய்தான் பெரிசெண்டு நினைச்சன். மூளையும் இருக்கு."

நவம்பர் முதல் நாள் காலையில் டார்லீனின் மேசையில் ஒரு பிடி வெள்ளை லில்லிப் பூக்கள் இருந்தன. ஓடையோரத்தில் தானாக வளருகிறவை. பக்கத்தில் பாரி, சேறு பிடித்த சப்பாத்துகளோடு நின்றான்.

"உன் அம்மாவுக்கு" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடிவிட்டான்.

பள்ளி விட்டதும் டார்லீனும் அவளுடைய அப்பாவும் ரதி வீட்டுக்கு வந்தார்கள். கொல்லைப்புறத்தில் எரிவாயு அடுப்பு தயாராக இருந்தது. அந்த உயரமான மனிதர் கம்போவைக் கிண்டினார். அம்மா இரண்டடி தள்ளி நின்றபடி, உப்பைப் பற்றிக் கைச்சாடையால் உத்தரவு போட்டார். டார்லீனின் அப்பா ஒவ்வொன்றுக்கும், "எஸ், மாம்" என்றார்.

"பார் ரதி, எவ்வளவு மரியாதை! நீயும் இருக்கிறாய்" என்றார் அம்மா.

ரதி டார்லீனைத் தோட்டத்து மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெரிய எரிமலைக் கல் கிடந்தது. கன்னங்கரேல் என்றிருந்தது. பக்கத்தில் வேலிக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு தூரிகையும் இருந்தன.

"இது உன் அம்மாவுடைய கல்லறை இல்லைத்தான். ஆனால் வெள்ளையடிக்கலாம்" என்றாள் ரதி.

டார்லீன் மண்டியிட்டு உட்கார்ந்து, கல்லை முதலில் நன்றாகக் கழுவினாள். பிறகு ஒரு பொட்டுக் கறுப்புக்கூட விடாமல் வெள்ளையடித்தாள். அவளுடைய அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அடிப்பக்கத்தைத் தானே அடித்தார். கல்லின் முன்னால், டார்லீன் கொண்டுவந்திருந்த அவளுடைய அம்மாவின் படத்தையும் பாரியின் பூக்களையும் வைத்தார்கள். ரதியின் அம்மா வாழையிலைக்குப் பதிலாகத் தன் நல்ல பீங்கான் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். டார்லீன் அதில் கம்போவை ஊற்றி, படத்தின் முன்னால் வைத்துக் கைகூப்பினாள்.

அதன் பிறகு அவள் பேசத் தொடங்கினாள். வாரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் வந்தது. கடைசியில் ரதியின் காதருகே குனிந்து, தன் அம்மாவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சின்னச் செய்தியைச் சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் மிஞ்சிய கம்போவைச் சாப்பிடும்போது ரதி அமைதியாக இருந்தாள். அப்பாவுக்கே தாங்கவில்லை.

"என்ன பிள்ளை, துணுக்கு மூட்டை காலியோ?"

"இல்லையப்பா. நல்லதொண்டு கிடக்கு" என்றாள் ரதி. "ஆனால் அது டார்லீன்ர. நான் சொல்ல மாட்டன்."