நீக்கிய புள்ளிகள்

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் மின்னோட்டத்தின் கோடு ஒரு நொடி பள்ளமாக இறங்கி மறுபடி மேலே வந்தது.

குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். விளக்குக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அங்கே யாரும் குறுக்கே போகக் கூடாது என்று தரையில் சிவப்பு நாடா ஒட்டியது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவளைத் தவிர ஆள் இல்லை. விளக்கின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாடையும் அசிட்டோன் நெடியும் காலையிலிருந்தே மூக்கை விட்டுப் போகவில்லை.

தகட்டில் இருந்தது துத்தநாக ஆக்சைடு படலம். சூடான கரைசலில் அவள் வளர்த்தது. தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகள் புல்வெளிபோல நெருங்கி நிற்கும்; வெறும் கண்ணுக்கு, கண்ணாடியில் யாரோ ஊதிய மூச்சுபோலத்தான் தெரியும். அதை வைத்துச் செய்த சூரிய மின்கலம் ஐந்நூறு மணி நேரம் இந்த விளக்கொளியில் தளராமல் மின்சாரம் தர வேண்டும். இன்று ஐந்து மணிக்கு ஐந்நூறு நிறைகிறது. உடனே வரைபடம் போகாவிட்டால் ஆய்வுக்காலத்தை நீட்டிக்க மாட்டார்கள். ஐந்து வருடம் வீண். நடுவில் விளக்கை அணைத்தாலும் அதே கதிதான்.

பேராசிரியரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், இன்னிக்கும் கோடு விழுந்து எழுந்திருக்கு சார்."

"மூணு வாரமா தூங்காம நிக்குது. கண்ணசந்திருக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். "வயர் லூஸா இருக்கும்மா. அந்தப் புள்ளியை வெட்டிடு."

"தினமும் வெட்டிட்டுத்தான் சார் இருக்கேன்."

"அப்ப கை பழகியிருக்குமே."

எதிர்த்துப் பேச அவளுக்கு எப்போதும் வராது. வெட்டினாள்.

வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

வெட்டிய புள்ளிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் தனிக் கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். இன்றுதான் அதைத் திறந்து, அவற்றை மட்டும் வரைந்தாள். முதல் நாள், ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மறைந்திருந்தது. ஓரமாக நிற்பவரின் தோள் கொஞ்சம் குறுக்கே நீண்டால் அவ்வளவுதான் மறையும். ஒரு வாரத்தில் முப்பத்துநாலு. அடுத்த வாரம் அறுபத்தேழு. இன்று கிட்டத்தட்ட நூறு.

வயர் இப்படி நாள் கணக்கு வைத்துக்கொண்டு லூஸாகாது.

புள்ளிகளின் ஊடே கோடு இழுத்தாள். ஒன்றுகூட விலகவில்லை. இந்த ஐந்து வருடத்தில் அவளுக்கு இவ்வளவு சுத்தமான நேர்கோடு வந்ததே இல்லை. அதை மேலே நீட்டினாள். நாலு நாற்பதுக்கு அது நூறைத் தொட்டது.

மணி நாலு முப்பத்தெட்டு.

விளக்கின் பொத்தானில் விரலை வைத்தாள். ஐந்து வருடம். விரலை எடுத்தாள்.

விசிறிச் சத்தம் மட்டும். அதிலும் ஏதோ குறைந்த மாதிரி. துணியை மேலே போட்ட மாதிரி.

கோடு விழுந்தது.

எழவில்லை.

விளக்கு எரிந்தது. மேசையில் வெளிச்சம். நாடாவில் வெளிச்சம். தகடு மட்டும் இருட்டு.

நடுவில் ஒன்றுமில்லை.

அவள் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. பிறகு தகடு பளிச்சென்றது. கோடு ஏறி, பழைய இடத்தில் நின்றது. அதன் பிறகு அது அசையவே இல்லை.

ஐந்து மணிக்கு அந்த இரண்டு நிமிடத்தையும் வெட்டினாள். வரைபடத்தை அனுப்பினாள். அடுத்த நிமிடமே பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: 'அருமை. ஒரு பிசிறு இல்லை.'

விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள். கட்டடத்துக்கு முன்னால் வெட்டவெளி. மாலை வெயில் சரிவாக அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

வெயில் சுடவில்லை.

கையைப் பார்த்தாள். உள்ளங்கை நிழல் விழுந்தாற்போல மங்கியிருந்தது. சுரிதாரும் அப்படியே. மேலே மரம் இல்லை. அருகில் சுவர் இல்லை. சுற்றிலும் சிமென்ட் தரை கண்ணைக் கூசவைத்தது. இடப்பக்கம் நகர்ந்தாள். மங்கலும் நகர்ந்தது. நாலு எட்டு ஓடினாள். அதுவும் வந்தது.

"ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டாங்களாம்மா உங்கள?"

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார். வெயில் அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"சாவியக் குடுங்கம்மா. நானும் வீட்டுக்குப் போகணும்ல."

"வராதீங்க," என்றாள். குரல் வெளியே வரவில்லை.

அவர் கை நீட்டினார். விரல் நுனிகள் மங்கின. பிறகு விரல்கள். மணிக்கட்டு. அவர் இன்னும் ஓர் எட்டு எடுத்து வைத்தார். முழங்கை. தோள். சிரித்துக்கொண்டே இருந்த அந்த முகத்தில், ஒரு காது மட்டும் இன்னும் வெயிலில் இருந்தது.