கண்ணை மூடிக்கொண்ட ஆறு பேர்

குருவிக்குப் பயம் வந்தால் முதலில் கால் கட்டைவிரல் குளிரும். அன்று மதியம் மேடைக்குப் பின்னால் அவள் நின்றபோது, அந்த விரல்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்திருந்தால் பனிக்கட்டி ஆகியிருக்கும். இதில் மிகை ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

குருவிக்கு வயது பத்து. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அவள் ஆடும் குழுவில் ஏழு பேர். நடப்பவர், நடக்காதவர், காது கேட்பவர், கேட்காதவர், தாளம் வருபவர், வராதவர் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. தாளம் வராதவர் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் எட்டு வருடமாக விடாமல் ஆடுகிறார்.

அன்று அவர்களுக்கு முதல் பெரிய மேடை. ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நினைத்துத்தான் குருவிக்குப் பயம். அதில் ஆறு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குருவிக்குப் பின்னால் பாம்பு போல வர வேண்டும். யோசனை தையல்கார அக்காவுடையது. அக்காவுக்குக் காது கேட்காது, கையால்தான் பேசுவாள்.

"தினமும் நாம அவளைக் கூட்டிட்டுப் போறோம். ஒரு தடவை அவ நம்மளைக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று கை சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். குழுவுக்கு ஆடச் சொல்லித்தந்து, கூடவே ஆடும் டீச்சரும்கூட.

மேடை முடிய இரண்டடி இருக்கும்போது, தரையில் ஒரு தடிமனான கயிறு குறுக்கே ஒட்டியிருக்கும். பத்தாவது அடியில் அது குருவியின் பாதத்தில் தட்டுப்படும். உடனே இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். காலையில் அவளே டீச்சருடன் உட்கார்ந்து ஒட்டினாள்.

"சித்தப்பா, மேடை எவ்வளவு உயரம்?"

"உன் கழுத்து வரைக்கும் வரும். ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குறவ குரல் இப்படி நடுங்காதே" என்றார் சித்தப்பா. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆடுவார். பாம்பில் குருவிக்கு நேர் பின்னால் அவர்தான்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எனக்கு எதுக்குப் பயம்? முன்னாடி நீ போறே. நீதான் பயப்படணும். பின்னாடி நானும் இந்த வண்டியும் சேர்ந்து அரை யானை எடை."

ஆறுதல் சொல்வதில் சித்தப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. டிரம் இடி போல முழங்கியது. கடைசிப் பகுதியும் வந்தது. ஆறு பேரும் கண்ணை மூடினார்கள். சித்தப்பா குருவியின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். அக்கா நாற்காலியைத் தள்ளினாள். அக்காவின் தோளை ரொட்டிக்கடைக்காரர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவர் பின்னால் வந்தார்கள்.

எட்டு. ஒன்பது. பத்து.

கயிறு இல்லை.

எண்ணிக்கை தப்பிவிட்டதோ? அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள். கால் விரல்களுக்குக் கீழே தரை இல்லை. காற்றுதான் இருந்தது. கீழே யாரோ இருமுவது காலடியில் கேட்டது.

குருவி உறைந்து நின்றாள். அவள் நெஞ்சு அடித்த அடியில், வேறு யாரோ தாளம் தப்பி வாசிப்பதாக நினைத்து டிரம்காரர் திரும்பிப் பார்த்தாராம்.

"நில்லுங்க" என்று கத்தினாள். டிரம் அதை விழுங்கிவிட்டது. பின்னால் அரை யானை உருண்டு வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளுகிறவளுக்கோ கத்தினாலும் கேட்காது.

கேட்காதா? அக்கா தாளத்தை எப்படிப் பிடிக்கிறாள்? பலகையின் அதிர்வைப் பாதத்தால் அல்லவா?

குருவி காலைப் பின்னால் இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் பலகையை ஓங்கி அறைந்தாள். டிரம் அடிக்காத இடமாகப் பார்த்து அறைந்தாள். மறுபடியும், மறுபடியும்.

பாட்டில் இல்லாத அடி ஒன்று அக்காவின் பாதத்தில் ஏறியது. அக்கா கண்ணைத் திறந்தாள். நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். குருவியின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் சக்கரம் நின்றது.

ரொட்டிக்கடைக்காரர் அக்காமேல் மோதினார். அவர்மேல் டீச்சர் மோதினார். ஆளுக்கொரு கண்ணைத் திறந்து பார்த்து, ஒவ்வொருவராக உட்கார்ந்து பலகையை அறையத் தொடங்கினார்கள். இதுவும் ஆட்டம்தான் என்று நினைத்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சித்தப்பா மட்டும் குருவியின் இடுப்புத் துணியை விடவே இல்லை.

திரை விழுந்ததும், அரங்கத்தைப் பெருக்குபவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நான்தாம்மா எடுத்துட்டேன். யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்களேன்னு..."

"எல்லாரும் தடுக்குனா பயப்படுவாங்க மாமா. எனக்குத் தடுக்கலைன்னாதான் பயம்" என்றாள் குருவி. "நாளைக்கு நீங்களே ஒட்டித் தாங்க. உங்களுக்குத்தான் இந்தத் தரை நல்லாத் தெரியும்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு கயிறா ஒட்டுறேன்" என்றார்.

"பலகையை அறையுறதை ஆட்டத்துலயே வெச்சுக்கலாமா?" என்று கேட்டார் டீச்சர்.

"வெச்சுக்கலாம். ஆனா இனிமே எல்லாரும் ஒரு கண்ணை மட்டும்தான் மூடணும்."

"அது என்ன கணக்கு?" என்றார் சித்தப்பா.

"ரெண்டையும் திறந்தா நான் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்காது. ரெண்டையும் மூடினா எனக்குக் கட்டைவிரல் குளிருது."

அன்றிலிருந்து அந்தக் குழு அப்படித்தான் ஆடுகிறது. தங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள் என்று நினைத்து, கூட்டம் மொத்தமும் திருப்பிக் கண்ணடிக்கிறது. முன்னால் போகிறவளே விதியை மீறலாமா என்று, குருவியும் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள்.