கொக்கி போகும் மூலை

ரிமோட் மேசைமேல் கிடந்தது. அதைத் தொடும் தூரத்தில் யாரும் இல்லை. ஆனாலும் மேலே கிரேனின் கொக்கி ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து, டக்கென்று நின்றது.

"பாத்தியா?" என்றார் அத்தான்.

பார்த்தாள். மூன்றாவது தடவையாக வந்து பார்க்கிறாள். கிரேன் ரிமோட்டுகளைப் பழுதுபார்ப்பது அவள் பிழைப்பு. இந்தக் கல் பட்டறையில் கிரேன் ஓட்டுவது அக்காவின் கணவர். போன வாரம் இப்படி ஒரு உலுக்கலில் கல் பலகை ஒன்று கொக்கியில் மாட்டிய பெல்ட்டிலிருந்து வழுக்கி அவர் காலடியில் விழுந்து சிதறியது. சூப்பர்வைசர் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிரேன் நல்லாத்தான் இருக்கு. ஒட்டடைக்கம்புக்குத்தான் கை நடுங்குது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருக்கும் அத்தானுக்குப் பட்டறை வைத்த பெயர் அது. நாளைக் காலைக்குள் பழுது தெரியவில்லையென்றால் வீட்டுக்குப் போகச் சொல்லியாயிற்று. அக்கா போனில் அழவில்லை. "நீ பாத்துக்குவே இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை.

முதல் தடவை பேட்டரியை மாற்றினாள். அடுத்த தடவை அலைவரிசையை மாற்றினாள். இன்று மற்றவர்கள் கிளம்பியதும், பல்லைக் கடித்துக்கொண்டு, கிரேனைத் தவிர, பட்டறையில் மின்சாரம் குடிக்கும் ஒவ்வொன்றையும் அணைத்துக்கொண்டே வந்தாள்: கல் அறுக்கும் வாள், வெல்டிங் மிஷின், இருவரின் போன், கடைசியில் விளக்குகளும். வெளியே மழை மூட்டம் சாயங்காலத்தைச் சீக்கிரமே விழுங்கிவிட்டிருக்க, தகரக் கூரையில் தூறல் பொரிகிற சத்தமும், ஈரக் கல் தூளின் சுண்ணாம்பு வாடையும், சங்கிலியில் பூசிய கிரீஸின் கசந்த நெடியும் மட்டும் அந்த நீண்ட ஷெட்டில் மிஞ்சின.

"இந்தக் கோளாறைக் கிளிட்ச்சு கிளிட்ச்சுங்கறியே, அப்படின்னா என்னதாம்மா?"

"ரிமோட் பேசும், மேல இருக்கற பெட்டி கேக்கும். நடுவுல வேற ஏதாவது இரைச்சல் காதுல விழுந்தா, அதையும் உத்தரவுன்னு நெனச்சு ஒரு துள்ளு துள்ளிடும். அவ்வளவுதான்."

"அப்ப யாரோ பேசறாங்க."

"யாரும் பேசல அத்தான். வெறும் இரைச்சல்."

மேலே டக். மறுபடி ஒரு சாண். மறுபடி இடப்பக்கம்.

அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. எரிச்சலுக்கு அடியில் வேறொன்று குளிர்ந்தது. இரைச்சலுக்குத் திசை கிடையாது. இடமும் வலமும் மேலும் கீழுமாகத் தாறுமாறாக ஆட்டும். இவ்வளவு வருஷத்தில் ஒரே பக்கமாக நகர்த்தும் இரைச்சலை அவள் கண்டதில்லை.

"இடப்பக்கம் அந்தக் கோடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. விரிசல் விட்ட கல்லை நிறுத்தி வச்சிருக்கோம். அதுக்குப் பின்னால சுவர். மெயின் ஸ்விட்சும் அங்கதான்."

"போதும். காதையே பிடுங்கிடறேன்."

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். கேட்கும் பெட்டியின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெட்டியையே பெயர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். உடம்பு வியர்த்திருந்தது. இனி ஆண்டவனே வந்து பேசினாலும் அந்தக் கிரேனுக்குக் கேட்காது.

"இப்ப ஆடட்டும் பாப்போம்" என்றாள்.

தூறல் நின்றிருந்தது.

மோட்டார் உறுமியது.

இந்தத் தடவை துள்ளல் இல்லை. கொக்கி சீராக, நிதானமாக, இடப்பக்கம் நகர்ந்தது. காலி பெல்ட் இரண்டும் அதன் கீழே ஊசலாடிக்கொண்டே இருட்டுக்குள் போயின.

"நீயாம்மா அழுத்தறே?"

"அத்தான், பெட்டி என் கையில இருக்கு."

அவர் மேசையை எட்டி ரிமோட்டில் கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். திரும்பத் திரும்பக் குத்தினார். கோடியில் கொக்கி நின்றது. கல் பலகைகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. சங்கிலி கடகடவென்று ஓடியது. நின்றது.

அமைதி.

ஓடலாம் என்று கால் சொன்னது. வாசல் பத்தடிதான். ஆனால் கண் வரவில்லை.

சங்கிலி இறுகியது. கொக்கி ஏறியது. கொக்கிக்கு மேலே எடை காட்டும் சின்னத் திரை, சிவப்பு எண்கள். காலி பெல்ட்டுக்கு அது பூஜ்யம்தான் காட்டவேண்டும்.

ஐம்பத்தெட்டு கிலோ.

டார்ச்சை உயர்த்தினாள். பெல்ட்டில் ஒன்றுமில்லை. ஆனால் பெல்ட் தொங்கவில்லை. விறைத்திருந்தது. நடுவில் அகன்று, எதையோ அணைத்துச் சுற்றியதுபோல் வளைந்து, முறுக்கிப் பிழிந்த துணியாய்க் கிறீச்சிட்டது.

அது திரும்பி வந்தது. குலுங்காமல். அத்தான் கண்ணாடிபோல் மெல்லிய பலகைகளைத் தூக்கிவரும் அதே பக்குவத்தோடு.

"அத்தான். வாங்க போயிடலாம்."

அவர் விரல் இன்னும் பொத்தான்மேல்.

நெருங்கியது. அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே வந்து நின்றது. இறங்கியது. மெதுவாக. அங்குலம் அங்குலமாக. பெல்ட்டின் அடி தரையைத் தொட்டது.

திரையில் ஐம்பத்தெட்டு அணைந்தது.

பூஜ்யம்.

இறக்கி வைத்தாயிற்று.

பெல்ட் தொய்ந்து விழுந்தது. பிறகு இரண்டு பெல்ட்டில் ஒன்று, வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வருவார்களே, அப்படி ஒருபக்கமாக ஒதுங்கியது.