ஒரு பல் தள்ளி

மழை எப்படிப் பெய்ததென்றால், சாலைச் சந்திப்பில் எரிந்த சிவப்பு விளக்கே நனைந்து கொஞ்சம் வெளிறிப்போனது. அந்த நேரம் பார்த்து, அவளுக்கு முன்னால் நின்ற பழைய வேன் ஒரு குலுக்குக் குலுக்கி உயிரை விட்டது. அவள் ஹாரனை அழுத்தினாள். இறங்கி வந்தவன் மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால்…

"கேட்டீங்களா? இன்ஜின்ல மூணு தட்டு சரியா விழுது. நாலாவது ஒரு மூச்சு பிந்துது."

"எனக்குப் பின்னாடி நாப்பது வண்டி ஹாரன் அடிக்குது. அதுவும் கேக்குதா?"

"கேக்குது. அதுல மூணு சுருதி சேரல."

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவன் தொழில். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்… எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிற கண்கள். கண்ணால் கேட்கிற ஒருவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளோ மெக்கானிக். அப்பாவின் பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வேனைத் தன் வண்டியோடு கயிறு கட்டி இழுத்துப் போனாள்.

வேன் ஓடியிருந்த தூரம் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அதாவது நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் பாதியைத் தாண்டியிருந்தது. இன்ஜினுக்குத் தாளம் பிடிக்கிற, நீண்டு தளர்ந்துபோன டைமிங் செயினைக் கழற்றிவிட்டு அப்பா புதியதை மாட்டினார். வண்டி கிளம்பியது.

இரண்டு நாளில் சுருதிக்காரன் திரும்பி வந்தான். "இன்னும் பிந்துது." அடுத்த வாரம் மறுபடியும். "ஏத்தத்துல இழுக்கல." இன்று மூன்றாவது முறை. நாளை விடிந்ததும் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்காக மலைக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போகவேண்டுமாம்.

அப்பா பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. மகளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா. அவன் உன்னப் பாக்க வரான்."

அவள் முகம் சூடானது. பக்கத்து அலமாரியில் இருந்த, சூடு பட்டால் திறக்கும் புதுத் தெர்மோஸ்டாட் ஒன்று தானாகத் திறந்துகொண்டது.

"செயின் மாட்டினப்புறம் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்தீங்களாப்பா?"

"முப்பது வருஷமா மாட்டுற கை இது. திரும்பிப் பாக்குற பழக்கம் இதுக்கு இல்ல."

சொல்லிவிட்டு அவர் லேத் கடைக்குப் போய்விட்டார்.

செயின் மாட்டும்போது மேல், கீழ்ப் பற்சக்கரங்களின் அடையாளங்கள் எப்போதும் பொருந்தித்தான் நிற்கும். இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் தொய்வு இழுபட்டு உண்மை வெளியே வரும். ஒரு பல் தள்ளியிருந்தால் குலுக்கல். ஏற்றத்தில் இன்னொரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்… மலைப்பாதை நடுவில், கண் தெரியாத அம்மாவோடு.

அவள் செயின் கவரைக் கழற்றினாள். அவன் டார்ச் பிடித்தான். அடையாளம் பொருந்தினால் அப்பா சொன்னது சரி… இவன் வந்தது அவளுக்காக. பொருந்தாவிட்டால் அப்பாவின் கை தப்பு… இவன் வெறும் கஸ்டமர்.

ஒரு சுற்று.

"மூச்சு விடுங்க," என்றான் அவன். "நீங்க நிறுத்தினா எனக்குக் கேக்குது."

இரண்டாவது சுற்று. கீழ் அடையாளம் நேராக வந்து நின்றது. மேல் அடையாளம்… ஒரு பல் தள்ளி.

"உங்க வண்டிக்கு நிஜமாவே கோளாறுதான்," என்றாள்.

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பல் நகரவில்லை. செயினைக் கழற்றிச் சரியாக மாட்டினார். கையால் இரண்டு சுற்று. யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு. பிறகு எல்லாவற்றையும் மூடி ஸ்டார்ட் செய்தார். வேன் மடியில் சுருண்ட பூனை மாதிரி மெல்ல, சீராக உறுமியது.

"தப்பு என்னுதுதான் தம்பி. நாளைக்கு அம்மாவைத் தாராளமா கூட்டிட்டுப் போங்க." கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி அவனைப் பார்த்தார். "அப்ப… வண்டிக்காகத்தான் வந்தீங்களா?"

சுருதிக்காரனின் காதுமடல் சிவந்தது.

"ஐயா… இந்தத் தெருவுல இன்னும் அஞ்சு பட்டறை இருக்கு. ரெண்டு தடவ காட்டியும் கண்டுபிடிக்காத இடத்துக்கே மூணாவது தடவயும் எவனாவது வருவானா? எங்கம்மா தினமும் இதைத்தான் கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" அவள் நிமிராமலே கேட்டாள்.

"அங்க ஒருத்தங்க இருக்காங்கம்மான்னு சொன்னேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

வெளியே தூறல் பிடித்தது. அவள் கிரீஸ் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்… துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தாள்.

"ரெண்டாவது சுத்துல… அந்த அடையாளம் பொருந்திடணும்னு வேண்டிக்கிட்டேன்."

"வண்டி நல்லா இருக்கணும்னா?"

"வண்டிக்காக இல்லைங்க."