ஐந்து சென்டிமீட்டர் அதிகம்

"அஞ்சு சென்டிமீட்டர் அதிகம்! வண்டியை எடுங்க!"

"சார், இது நான் என் கையால செஞ்ச வண்டி. ஆறு மீட்டருக்கு அஞ்சு சென்டிமீட்டர் கம்மிதான் இருக்கு. வேணும்னா என் டேப்ல அளந்து காட்டறேன்."

"உங்க டேப் இங்க செல்லாது! முகாம் டேப் சொல்றதுதான் அளவு!"

வண்டியிலேயே தங்கும் சுற்றுலாக்காரர்களுக்கான ஏரிக்கரை முகாமில் காலை ஒன்பது மணிக்கே இப்படிச் சத்தம். நான் துண்டு காயப்போடத்தான் வெளியே வந்தேன். சண்டை பார்க்க வந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வேன் நிற்பது பதிமூன்றாம் இடம். சண்டை நடந்தது பதினான்காம் இடம். காதைப் பொத்திக்கொண்டு துண்டு காயப்போட முடியுமா?

கத்தியவர் முகாமின் மேற்பார்வையாளர். கழுத்தில் ஒரு விசில், அடையாள அட்டை. இடுப்பில் நீளமான துணி டேப். நாங்கள் வைத்த பெயர் விசில் சார். என் துண்டு கொடியில் கோணலாகத் தொங்கினால் விசில். நாற்காலியின் கால் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் விசில். முந்தின நாள் புல்வெளியில் ஏறிய ஒரு வாத்தைப் பார்த்துக்கூட விசில் அடித்தார். வாத்து கண்டுகொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

பதில் சொன்னவர் ஒரு தச்சர். பழைய ரொட்டி வண்டி ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உழைத்து, அதை வீடாக மாற்றியிருந்தார். மடக்குக் கட்டில், குட்டி அடுப்படி, ஆடினாலும் சத்தம் போடாத இழுப்பறைகள். அந்த வண்டியில் குடும்பத்தோடு வந்த முதல் பயணம் இது.

அவருக்கு ஒரே மகள். வயது பத்து. வகுப்பிலேயே உயரம் குறைந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் குட்டி.

ஆறு மீட்டருக்கு மேல் நீளமான வண்டி ஏரிக்கரையில் நிற்கக் கூடாது. முகாமின் விதி அது. விசில் சார் இன்னொரு முறை அளந்தார்.

"பாப்பா, இந்த நுனியைப் பின்பக்க பம்பர்ல வச்சு அழுத்திப் பிடி."

குட்டி பிடித்தாள். கையிலிருந்த நுனியைப் பார்த்தாள். புருவம் மேலே போனது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "விசில் சார், அப்படியே அந்த வாத்தையும் அளந்துடுங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சரி, நானும்தான். விசில் சாரின் காது சிவந்துவிட்டது.

குட்டி வாயை மூடிக்கொண்டாள்.

"ஆறு மீட்டர் அஞ்சு! பன்னிரண்டு மணிக்குள்ள வண்டி வெளியே போகணும்." மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

தச்சர் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்.

"விடுங்க, வேற இடம் பார்த்துக்கலாம்" என்றார் அவர் மனைவி.

"இடம் போனா போகுது. பத்துப் பேர் முன்னாடி என் அளவு தப்புன்னு சொல்லிட்டாரே."

குட்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று முகாமின் வாசலை நோக்கி நடந்தாள். எனக்கும் அந்த நேரம் பார்த்து ஒரு குடம் தண்ணீர் தேவைப்பட்டது. குழாய் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நான் என்ன செய்வது?

அலுவலகம் என்பது வாசலை ஒட்டிய சின்ன அறை. வாசலில் பெரிய இரும்புக் கதவு. அது ஆறு மாதமாக மூடியதே இல்லை. வாசலின் அகலத்தைவிடக் கதவு பெரிது. கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். "எதிர்த்தாப்புல இருக்கற இரும்புப் பட்டறைக்காரம்மா தப்பா செஞ்சுட்டாங்க" என்பார் விசில் சார். "அவர் கொடுத்த அளவுதான்" என்பார் பட்டறைக்காரம்மா. இருவருக்கும் பேச்சே கிடையாது.

குட்டி உள்ளே போனாள்.

"சார், உங்க அட்டையில உயரம் நூத்தி எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கே. அது சரியா?"

"சரியாவா? வேலைல சேரும்போது டாக்டர் அளந்தது! ஒரு நூல் பிசகாது." விசில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க டேப்ல ஒருதரம் அளந்து பார்க்கலாமா?"

அளப்பது என்றால் அவர் மாட்டேன் என்பாரா? சுவரோடு சுவராக விறைப்பாக நின்றார். நுனியைக் காலால் மிதித்துக்கொண்டார். குட்டி ஸ்டூல் மேல் ஏறினாள்.

"நூத்தி எண்பத்திரண்டு சார்."

"என்னது! இந்த வயசுல பத்து சென்டிமீட்டர் வளர்ந்துட்டேனா?" அவர் முகம் பூரித்துப் போனது. "அதானே பார்த்தேன்! போன மாசம் தைச்ச பேன்ட் கூட..."

பேச்சு பாதியில் நின்றது. குட்டி ஸ்டூலிலிருந்து இறங்கி, டேப்பின் நுனியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்திருந்தாள். நுனியில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதற்கு அடுத்து இருந்த எண், பதினொன்று.

"இது எப்ப கிழிஞ்சது சார்?"

"வாசல் கதவுக்கு அளவெடுத்த அன்னிக்குக் காலையில. ஒரு வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிச்சு. நான்தான் பிளாஸ்திரி சுத்தி..."

அவர் மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தார். கயிற்றில் தொங்கிய கதவைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவும் பத்து சென்டிமீட்டர்தான் பெரிசு" என்றார். "ஏன் பாப்பா, நுனியைப் பிடிச்சப்பவே உனக்குத் தெரியுமா? அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தாங்க சார். அதான்." கொஞ்சம் யோசித்து, "அப்புறம், நான் பாப்பா இல்ல. எனக்குப் பத்து வயசு" என்றாள்.

பதினொன்றரை மணிக்கு முகாமே அதிரும்படி ஒரு விசில் சத்தம். நான் குடத்தோடு ஓடினேன். பதினான்காம் இடத்தில் விசில் சார் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க டேப்பைக் கொஞ்சம் கொடுங்க."

எல்லோர் முன்னாலும் அளந்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க! இந்த வண்டி அஞ்சு மீட்டர் தொண்ணூத்தஞ்சு. இவர் அளவு சரி. என் டேப்தான் தப்பு. அதைக் கண்டுபிடிச்சது இவர் பொண்ணு." மஞ்சள் சீட்டைக் கண்ணாடியிலிருந்து உரித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள். நானும் தட்டினேன், குடத்தைக் கீழே வைத்துவிட்டு.

மடக்கிய நாற்காலிகள் மறுபடி விரிந்தன. அன்று முழுக்க தச்சர் எல்லோரையும் கூப்பிட்டு வண்டியைக் காட்டினார். "இந்த இழுப்பறை இருக்கே, என் பொண்ணு தேய்ச்சது. இந்தக் கைப்பிடி, என் பொண்ணு மாட்டினது." என்னிடம் மட்டும் நான்கு முறை சொன்னார். நானும் நான்கு முறை ஆச்சரியப்பட்டேன்.

சாயங்காலம் விசில் சார் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்ப் பட்டறைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான். எனக்கு எதிர்ப்பக்கக் கடையில் உப்பு வாங்க வேண்டியிருந்ததால் தெரியும். பட்டறைக்காரம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசில் சார் பிளாஸ்திரி போட்ட டேப்பைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

மறுநாளே கதவில் பத்து சென்டிமீட்டர் வெட்டப்பட்டது. கதவு டக்கென்று மூடியது. ஆனாலும் கீலுக்கு எண்ணெய் வேண்டும் என்று விசில் சார் தினமும் பட்டறைக்குப் போனார். ஒரு கதவு அவ்வளவு எண்ணெய் குடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். குட்டியின் குடும்பம் ரொட்டி வண்டியிலேயே வந்து இறங்கியது. முதல் வரிசையில் குட்டிக்கு நாற்காலி. கல்யாணம் முடிந்ததும் விசில் சார் பட்டறை மாடிக்குக் குடிபோய்விட்டார். முகாமுக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர் என் துண்டு எப்படித் தொங்கினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே சலிப்பு.

போகும்போது விசில் சார் அந்தப் பழைய டேப்பைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வகுப்பில் யாராவது உயரத்தைப் பற்றிக் கேலி செய்தால், அவள் அதை எடுத்துத் தன்னை அளந்து காட்டுகிறாளாம்.