ஊரிகம் பரிசளிப்பில் வெடித்த துப்பாக்கி

பங்காருபேட்டையிலிருந்து திரும்பிய இன்ஸ்பெக்டர் சம்பங்கி பூட்ஸைக் கழற்றுவதற்குள் ஆண்டர்சன்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். அழுது முடித்த முகம்.

"லாக்கப்புல கீறவரு என் வீட்டுக்காரரு. ஏனோக். ஊரிகம் லைன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. நான் ஜெயசீலி. அவரு துப்பாக்கிய கண்ணால பாத்ததுகூட இல்ல, ஐயா."

சம்பங்கி கான்ஸ்டபிள் வால்டரைத் திரும்பிப் பார்த்தார். வழக்கைப் பதிவு செய்தவன் வால்டர். அவனைப் பொறுத்தவரை நேற்று மாலையே அது முடிந்துபோன காரியம்.

"ஐயா, தங்கச் சுரங்கக் கம்பெனி காவல்காரங்கதான் புடிச்சிக் குடுத்தாங்க. கோட்டுலேருந்து ரிவால்வர் எடுத்திருக்காங்க. கையில லைசன்ஸ் இல்ல. பள்ளிக்கூடப் பசங்க கூட்டத்துல வெடிச்சி ஒரு பொண்ணு கால்ல பட்டிருக்குது. நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தினா மூணு வருசம் உள்ளதான்."

"நாளைக்குத்தானே," என்றார் சம்பங்கி. "இன்னிக்கு முழுசா இருக்குது. உக்காரும்மா. மொதல்லேருந்து சொல்லு."

ஜெயசீலி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

பரிசளிப்பு விழா கம்பெனி வேலிக்குள், தங்கக்கல் அரைக்கும் மில்லை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. பிள்ளைகள் முன்வரிசை. அவர்களுக்குப் பின்னால் காவல் ஜமேதார் சின்னசாமி, டைம் ஆபீஸ் கிளார்க் கொர்னேலியஸ், தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் என்று பெரியவர்கள். ஏனோக் மேடையில் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் தாங்காமல் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். கடைசியில் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் ராஜா பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அப்போதுதான் வெடித்தது. முன்வரிசையில் மரியகுழந்தை என்ற சிறுமி சுருண்டு விழுந்தாள்.

"இவரு மேடையிலேருந்து குதிச்சி ஓடினாரு. அதுக்குள்ள சின்னசாமி ஜமேதாரு தன் இடுப்புல கட்டியிருந்த சிவப்புக் கச்சைய அவுத்து பொண்ணு கால்ல இறுக்கிக் கட்டிட்டாரு. ரத்தம் நின்னுது. அந்த உபகாரத்த நான் மறக்க மாட்டேன். இவரு பொண்ண வண்டியில ஏத்திட்டு வந்து கோட்ட மாட்டினாரு. வேலி கேட்ட மூடு, எல்லாரையும் சோதனை போடுன்னு சூப்பரின்டெண்ட் துரை சொன்னாரு."

"யார் போட்டது?"

"ஜமேதாருதான். சுரங்க ஷாஃப்டுலேருந்து ஏறி வர்றவங்கள தங்கத்துக்குப் போடுவாரே, அதே மாதிரி. தலப்பா, முடி, வாயி, அக்குளு, இடுப்பு, அப்புறம் காலு. கொர்னேலியஸ் கிளார்க்கு வாயிலகூட வெரல வுட்டுப் பாத்தாரு. பாவம், அந்த மனுசன் வெத்தல போட்டுக்கினு இருந்தாரு." அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. "எங்க வூட்டுக்காரருகிட்ட மட்டும் கொஞ்சம் மரியாதையா நடந்தாரு. வாத்தியாருன்னு தலப்பாவத் தொடல, வாயத் தெறக்கச் சொல்லல. கோட்டுல மட்டும் கைய வுட்டாரு. வெளிய வந்தது ரிவால்வரு."

சம்பங்கி ஏனோக்கின் கோட்டைக் கொண்டுவரச் சொன்னார். 

பழைய கறுப்புக் கோட்டு. உள்பையை வெளியே இழுத்துத் திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார். அடுத்தபடி ரிவால்வரை எடுத்தார். கம்பெனி முத்திரை போட்டது. ஆறு குண்டில் ஒன்று வெடித்திருந்தது.

"பையில இன்னா தெரியுது, வால்டரு?"

"சாக்பீஸ் தூளு, ஐயா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லியே."

"ஆமா, வேற ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு சம்பங்கி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் மரியகுழந்தை கால் நீட்டி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கட்டுப் போட்ட டிரஸ்ஸர் காயத்தை விவரித்தார். கெண்டைக்காலின் பின்பக்கம் மேலே நுழைந்து, குதிகாலுக்குச் சற்று மேலே வெளியேறி, குண்டு மண்ணுக்குள் போயிருக்கிறது. எலும்பில் படவில்லை. நடப்பாள்.

"உனக்குப் பின்னால யாரும்மா நின்னாங்க?" என்று சம்பங்கி கேட்டார்.

"தெரியாது. ராஜா பாட்டு பாடறப்ப திரும்பினா வாத்தியாரு பெரம்பால போடுவாரு."

"குண்டு பட்டப்பகூடத் திரும்பலியா?"

"பட்டதும் வுழுந்துட்டேன். அதுக்கெல்லாம் அடிக்க மாட்டாரு இல்ல?"

வால்டர் சிரித்துவிட்டான். சம்பங்கி சிரிக்கவில்லை. காலில் முதலில் கட்டியிருந்த கச்சை எங்கே என்று டிரஸ்ஸரைக் கேட்டார். அழுக்குத் துணி வாளியில் கிடந்தது, இன்னும் சலவைக்குப் போகவில்லை. சிவப்புக் கச்சையில் ரத்தம் காய்ந்து கறுத்து விறைத்திருந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல். இறுக்கிக் கட்டியதில் கிழிந்திருக்கும் என்று வால்டர் நினைத்தான். சம்பங்கி அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வால்டரால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, எனக்குப் புரிஞ்சிடுச்சி. பின்பக்கமா, மேலேருந்து கீழ குண்டு போயிருக்குது. மேடையிலேருந்து எவனும் சுடல. பொண்ணுக்குப் பின்னால நின்னவன் உடம்புல ஒளிச்சி வெச்சிருந்தது வெடிச்சிடுச்சி. வாத்தியாரு மேடையில இருந்தாரு, கோட்டு நாற்காலியில இருந்துது. அப்ப பின்னால நின்ன எவனோ அவரு கோட்டுக்குள்ள போட்டுட்டான்."

"நல்லா சொன்ன. எவன்?"

"கொர்னேலியஸு! பள்ளிக்கூடத்த மூடணும்னு துரைக்குத் தூபம் போடறதே அந்தாளுதான். அவன் கோட்டுல நெருப்பு பட்ட பொத்தல் ஒண்ணு இருக்குது. நேத்து ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்ல வந்தப்ப என் கண்ணால பாத்தேன்."

"அப்படியா? வா, அதையும் பாத்துருவோம்."

சூப்பரின்டெண்டின் ஆபீஸ் அறையில் பிற்பகலில் எல்லோரும் கூடினார்கள். துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார். பல வருஷம் ஊரிகத்தில் இருந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். கொர்னேலியஸ், சின்னசாமி, ஜெயசீலி. விலங்கில்லாமல் ஏனோக். சின்னசாமி புதுக் கச்சை கட்டியிருந்தான், மீசையை எண்ணெய் போட்டு முறுக்கியிருந்தான்.

"ரிவால்வர் காவல் அறையிலேருந்து காணாமப் போனது எப்ப, ஜமேதார்?" என்று சம்பங்கி ஆரம்பித்தார்.

"விழா அன்னிக்குக் காலையிலங்க. வாத்தியாரு பெஞ்சி கேட்டுக்கினு வந்தாரு. அவரு போனப்புறம் பாத்தா பொட்டி காலி."

"உடனே சொல்லலியே?"

"விழா நல்லபடியா முடியட்டும்னு பாத்தேங்க."

ஏனோக் தலையை நிமிர்த்தினார். "பெஞ்சி கேட்டது உண்மை. நான் வாசப்படி தாண்டல."

சம்பங்கி கொர்னேலியஸின் கோட்டைக் கேட்டு வாங்கினார். இடது பக்கத்தில் ஒரு கருகிய பொத்தல்.

"சுருட்டு," என்றார் கொர்னேலியஸ், முகம் சிவந்து. "என் சம்சாரத்துக்குத் தெரியாது. இங்க யாரும் சொல்லிடாதீங்க."

"மேல்துணி மட்டும் கருகியிருக்குது. உள்துணி முழுசா இருக்குது," என்றார் சம்பங்கி. "வெளியிலேருந்து சுட்ட நெருப்பு. குண்டு இல்ல. வால்டரு, உன் குற்றவாளிய நான் விடுதலை பண்றேன்."

வால்டருக்குக் காது சுட்டது.

"இப்ப வாத்தியார் கோட்டு. இந்தப் பைக்குள்ள துப்பாக்கி வெடிச்சிருந்தா பை கிழிஞ்சிருக்கணும், கருகியிருக்கணும். சாக்பீஸ் தூளுதான் இருக்குது. துப்பாக்கி வெடிச்சது வேற எங்கியோ, இந்தப் பைக்குள்ள வந்தது அதுக்கப்புறம், வாத்தியாரு பொண்ண வண்டியில ஏத்தப் போனப்ப. வெடிச்ச எடம் அந்தப் பொண்ணுக்கு நேர் பின்னால, ஒரு ஆளோட இடுப்புல. குழாய் கீழ பாத்துக்கினு இருந்திருக்குது. பாட்டுக்கு வெறைப்பா நிக்கறப்ப விசை அழுந்தியிருக்குது. அப்ப அந்த ஆளு துணியில பொத்தல் விழாம இருக்குமா?"

காகிதத்தைப் பிரித்துச் சிவப்புக் கச்சையை மேஜைமேல் விரித்தார். துரை முன்னால் குனிந்தார்.

"ரத்தத்த வுட்டுட்டுப் பொத்தல மட்டும் பாருங்க. விளிம்பு பூரா கருகல். மருந்துக் கரி ஒட்டியிருக்கிறது உள்பக்கம், உடம்பப் பாத்த பக்கம். கச்சைக்குள்ளேருந்து வெடிச்சிருக்குது. அதை அவுத்தாகணும். ஆனா கூட்டத்துல அவுத்து எங்க போடறது? அடிபட்ட பொண்ணு காலே கெடைச்சிது. எல்லாரும் கும்பிட்டாங்க."

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யூகம்," என்றான் சின்னசாமி. குரல் இன்னும் தளரவில்லை. "கூட்டத்துல யாரு சுட்டிருந்தாலும் என் கச்சையில பட்டிருக்கலாம்."

"படலாம். ஆனா வெளிப்பக்கந்தான் கருகும். சரி, அத வுடு. நீ எத்தினி வருசமா சோதனை போடற?"

"ஒன்பது வருசம்."

"தங்கத்த எங்கெல்லாம் ஒளிப்பாங்க?"

"தலப்பா, முடி, வாயி..." சின்னசாமி வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

"நின்னுட்டியே? அன்னிக்கும் அந்த வரிசையிலதான் போட்டிருக்க. கைத்துப்பாக்கி தேடறப்பகூட வாயில வெரல வுட்டுப் பாத்திருக்க. ஒன்பது வருசத்துப் பழக்கம், கை அதுபாட்டுக்குப் போவுது. வாத்தியார்கிட்ட மட்டும் ஏன் மாறிச்சி? மரியாதைன்னு இந்தம்மா நெனைச்சிக்கிட்டாங்க. தேடறவன்தான் தலையிலேருந்து ஆரம்பிப்பான். வெச்சவன் நேரா வெச்ச எடத்துக்குப் போவான்."

 சின்னசாமி துரையைப் பார்த்தான். துரை கச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு லைசன்ஸ் கீது," என்றான் கடைசியில். "தங்கப் பாளம் ரயிலுக்குப் போறப்ப நான்தான் காவல். அதுக்குக் குடுத்த துப்பாக்கி. நான் இன்னா திருடனா?"

"பாளத்துக்குத்தான் லைசன்ஸ். திருவிழா, ஊர்கோலம், ஜனம் கூடற எடம் எதுக்கும் எடுத்துப் போகக்கூடாதுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க? அதுலயும் பசங்க கூட்டத்துல, கச்சைக்குள்ள மறைச்சிக்கினு. ஏன் எடுத்துப் போன?"

"போன மாசம் தங்கம் திருடின ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்பினேன். அவன் தம்பிங்க என்னைக் குத்துவேன்னு சொல்லிக்கினு திரியறானுங்க. அந்தக் கூட்டத்துல எவன் மடியில கத்தி இருந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் உசுர நான்தானே பாத்துக்கணும்?"

"மொத்தக் கூட்டத்தையும் நீயே சோதனை போட்டியே. கத்தி ஏதாவது கெடைச்சிதா?"

சின்னசாமி இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அங்க இருந்த ஆயுதம் ஒண்ணே ஒண்ணு. அது உன்னோடது," என்றார் சம்பங்கி. "வெடிச்சதும் ஒத்துக்கினு இருந்தா லைசன்ஸ் போயிருக்கும், அபராதம் கட்டியிருப்ப. பயந்தவன்னு மாஜிஸ்ட்ரேட் கொஞ்சம் எரக்கப்பட்டுகூட இருப்பாரு. ஒரு வாத்தியாரு குடும்பத்தத் தூக்கி உன் எடத்துல வெச்ச பாரு, அதுக்கு யாரும் எரக்கப்பட மாட்டாங்க. வால்டரு, கூட்டிக்கினு போ."

வால்டர் சின்னசாமியின் கையைப் பிடித்தான்.  வாசல்வரை போனவன், துரை பேச ஆரம்பித்ததும் நின்றான்.

துரை எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். வாத்தியாருக்கு நேர்ந்ததற்கு வருத்தம் என்றார். பள்ளிக்கூடம் நடக்கும், பாதியில் நின்ற பரிசளிப்பை வரும் சனிக்கிழமை முடித்துவிடலாம், தானே வந்து பரிசு தருகிறேன் என்றார். ஏனோக்கிடம் கை நீட்டினார். நீட்டும்போது அவர் கோட்டின் வலப்பக்கம் விலகியது. இடுப்பில் தோலுறை, அதற்கு மேல் தந்தப் பிடி.

வால்டர் பார்த்தான், சம்பங்கியும் பார்த்தார். வெள்ளைக்காரருக்கு லைசன்ஸ் தேவையில்லை, ஆயுதச் சட்டம் அவரைக் கேள்வி கேட்காது. சம்பங்கியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஏனோக் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.  ஜெயசீலி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள், வேண்டாம் என்று. அவர் இங்கிலீஷிலேயே சொன்னார், ஒரு பாடத்தைச் சொல்வதுபோல் நிதானமாக. "சனிக்கிழமை வாங்க, துரை. கோட்டுக்குள்ள இருக்கிறத வீட்டுல வெச்சிட்டு வாங்க."

துரையின் கழுத்து சிவந்தது. கொர்னேலியஸ் தரையைப் பார்த்தார். ஜெயசீலியின் கை சட்டையை விடவில்லை.

"சட்டம் அப்படிச் சொல்லலியே," என்றார் துரை.

"இல்லைதான்," என்றார் ஏனோக். "சட்டம் அந்தப் பசங்கள மேய்க்கல. நான் மேய்க்கிறேன்."

துரை கையை மடக்கிக்கொண்டார்.  பிறகு கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.